தறிகள் மாறவில்லை, நெசவு எப்படி உயர்ந்தது?

ஆரணிப் பட்டுச் சேலையை நீங்கள் கண்டிருக்கலாம். அது உருவாகும் வீட்டையும் கண்டிருக்கிறீர்களா? ஒருவர் குழித்தறியில் அமர்ந்து நெய்வார். மற்றொருவர் ஊடை நூலைத் தாரில் சுற்றித் தருவார். இழை அறுந்தால், அருகில் இருப்பவர் எழுந்து வந்து முடிந்து விடுவார். 'இது என் வேலையல்ல' என்று அங்கே யாரும் சொல்வதில்லை.

இதில் விஞ்ஞானம் என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்களா? அதை அறிய அகமதாபாத்துக்குச் செல்வோம்.

அங்கிருந்த காலிகோ ஆலை 1952-ஆம் ஆண்டில் தானியங்கித் தறிகளை நிறுவியது. நாடாவில் நூல் தீர்ந்தால் இத்தறி தானே புதுத் தாரை ஏற்றிக்கொள்ளும். பாவு இழை அறுந்தால் தானே நின்றுவிடும். ஆயினும் எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை. துணியிலும் பழுது மிகுந்திருந்தது.

காரணம் காண வந்தவர், இலண்டன் டாவிஸ்டாக் நிலையத்தைச் சேர்ந்த ஏ. கே. ரைஸ். அவர் தறிகளை மட்டுமல்லாமல் மனிதர்களையும் கவனித்தார். 224 தறிகளுக்கு 29 தொழிலாளர்கள். அவர்களுக்குள் 12 வகை வேலைகள். நெய்பவருக்கு இத்தனை தறி, அறுந்த இழையைக் கட்டுபவருக்கு அத்தனை தறி என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு கணக்கு. ஆகவே ஒரு தறி நின்றால், அதைச் சரிசெய்ய வேண்டியவர் வேறொருவர் தறியில் இருப்பார். தறிக்கூடம் முழுவதும் ஆட்கள் இருந்தார்கள். ஆனால் 'நம் தறிகள்' என்று சொல்லிக்கொள்ள ஒரு குழு இல்லை.

1953-இல் ரைஸ் ஒரு யோசனை கூறினார். 64 தறிகளுக்கு ஏழு பேர் கொண்ட ஒரு குழு. அவற்றின் முழுப்பொறுப்பும் அக்குழுவுக்கே. தொழிலாளர்கள் இதை உடனே பற்றிக்கொண்டார்கள். யார் யாருடன் சேர்வது என்பதையும் தாங்களே முடிவு செய்தார்கள்.

தறி இடைவிடாமல் ஓடினால் எவ்வளவு நெய்யுமோ, அதில் எத்தனை பங்கு உண்மையில் நெய்தது என்பதே தறியின் திறன். தொடக்கத் தடுமாற்றம் தீர்ந்தபின், இத்திறன் ஏறத்தாழ 80 விழுக்காட்டிலிருந்து 95 விழுக்காட்டுக்கு உயர்ந்தது. பழுதுபட்ட துணி 32 விழுக்காட்டிலிருந்து சுமார் 20-ஆகக் குறைந்தது.

தறிகள் அவையே. பிறகு மாறியது எது? இயற்பியலில் ஓர் உவமை உண்டு. பென்சில் கரியும் வைரமும் ஒரே கார்பன் அணுக்களால் ஆனவை. அணுக்கள் பிணைந்துள்ள விதம்தான் வேறு. ஒன்று விரலில் ஒட்டுகிறது. மற்றொன்று கண்ணாடியை அறுக்கிறது. தொழிற்கூடத்திலும் பிணைப்பே பண்பைத் தீர்மானிக்கிறது.

ஆனால் அணுவுக்குப் பசியில்லை, மனிதருக்கு உண்டு. இவ்வுயர்வில் கூலி மாற்றத்துக்கும் பங்கிருக்கலாம் எனப் பின்னாளில் சில ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினர். இந்த ஆட்சேபத்தை நாம் தள்ளிவிடக் கூடாது. 1970-இல் எரிக் மில்லர் மீண்டும் சென்று பார்த்தபோது, ஓரிடத்தில் குழுமுறை பெரும்பாலும் அப்படியே நிலைத்திருந்தது; மற்ற இடங்களில் அது தளர்ந்து போயிருந்தது. நல்ல பிணைப்பும் தானே நிலைப்பதில்லை. அதைப் பேணவேண்டும் என்பது இதனால் விளங்குகிறது.

இப்போது ஆரணிக்குத் திரும்புவோம். ரைஸ் ஆலையில் ஏற்படுத்த முயன்ற பிணைப்பு நெசவாளர் வீட்டில் முன்பே இருக்கிறது. முழு வேலை, பகிர்ந்த பொறுப்பு, முடித்த சேலையைப் பார்க்கும் நிறைவு ஆகிய மூன்றும் அங்கு உண்டு. அப்படியிருந்தும் நெசவாளர் பிள்ளைகள் பலர் ஏன் வேறு வேலை தேடிச் செல்கிறார்கள்? சேலையின் வடிவத்தையும் கூலியையும் பெரும்பாலும் தீர்மானிப்பவர் தறியில் அமர்ந்திருப்பவர் அல்லர். தொழிலில் பற்று வேண்டுமானால் குழுவின் பிணைப்பும் வேண்டும், உழைப்புக்கேற்ற ஊதியமும் வேண்டும். பாவு மட்டும் இருந்தால் துணியாகுமா? ஊடையும் சேர்ந்தால்தானே சேலை!