மெனியர் தலைசுற்றலுக்குச் சத்து மாத்திரையும் வைரஸ் மருந்தும் கேட்குமா?

உங்களுக்கு மெனியர் நோய் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். எழுதிக்கொடுத்த மாத்திரையைச் சாப்பிட்டும் தலைசுற்றல் மறுபடி மறுபடி வருகிறது. அப்போது ஒருவர், ‘லைசின் சாப்பிட்டேன், நின்றுவிட்டது’ என்கிறார். இன்னொருவர், ‘அசைக்ளோவிர் போட்டேன், ஒரு வருடமாகச் சுற்றலே இல்லை’ என்கிறார். மனம் அந்தப் பக்கம் போகத்தான் செய்யும். வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

காதுக்குள் என்ன நடக்கிறது? உட்காதில் திரவம் நிரம்பிய மெல்லிய சவ்வுக் குழாய்கள் இருக்கின்றன. மெனியர் நோயில் அந்தத் திரவம் கூடி, சவ்வு உப்பிவிடுகிறது (எண்டோலிம்பாட்டிக் ஹைட்ராப்ஸ் என்பது இதன் மருத்துவப் பெயர்). காது அடைத்தாற்போல் இருக்கும், இரைச்சல் கேட்கும், கேட்கும் திறன் ஏறி இறங்கும். கூடவே 20 நிமிடம் முதல் 12 மணி நேரம் வரை உலகமே சுழலும். இப்படிப்பட்ட சுற்றல் காதிலிருந்தே வரக்கூடும் என்று 1861-இல் பாரிஸ் மருத்துவர் பிராஸ்பர் மெனியர் சொன்னார். சவ்வு ஏன் உப்புகிறது என்பதற்கு மட்டும் இன்றுவரை உறுதியான விடை இல்லை. வைரஸ் என்ற எண்ணம் அந்த இடைவெளியில்தான் நுழைந்தது.

வைரஸுக்கும் காதுக்கும் என்ன தொடர்பு? உதட்டோரம் கொப்புளம் வரவைக்கும் ஹெர்பீஸ் வைரஸ், கொப்புளம் ஆறிய பிறகும் நரம்பு முடிச்சுகளில் பதுங்கிக் கிடக்கும். காது நரம்பிலும் அது அவ்வப்போது விழித்துக்கொள்கிறது என்பது ஒரு கருத்து. இதை வலியுறுத்திய அமெரிக்கக் காது மருத்துவர் ரிச்சர்ட் கேசக், வைரஸ் மருந்து கொடுத்த தன் நோயாளிகளில் பெரும்பாலோருக்குச் சுற்றல் அடங்கியதாக எழுதினார். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க, வெற்று மாத்திரை சாப்பிட்ட குழு அதில் இல்லை. 2004-இல் ஃபாம்சிக்ளோவிர் மாத்திரையை வெற்று மாத்திரையோடு ஒப்பிட்ட சிறிய ஆய்வில், சுற்றலுக்குத் தெளிவான பலன் தெரியவில்லை.

‘அப்படியானால் குணமானேன் என்பவர் பொய் சொல்கிறாரா?’ இல்லவே இல்லை. அவருக்குச் சுற்றல் நின்றது உண்மை. மாத்திரைதான் நிறுத்தியதா என்பதே கேள்வி. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

டென்மார்க்கில் நடந்து 1981-இல் வெளியான ஓர் ஆய்வைப் பாருங்கள். 30 மெனியர் நோயாளிகளில் பாதிப் பேருக்கு, உட்காதில் கூடிய திரவத்தை வடிக்கும் அறுவை சிகிச்சை நடந்தது. மீதிப் பேருக்குக் காதின் பின்புற எலும்பை மட்டும் குடைந்து மூடினார்கள், வடிகால் வைக்கவில்லை. யாருக்கு எது என்று நோயாளிகளுக்குத் தெரியாது. இரு பக்கமும் பெரும்பாலோர் தேறினார்கள். முடிவைப் பற்றிப் பின்னாளில் மருத்துவர்கள் வாதாடினார்கள் என்றாலும், வடிகால் இல்லாதவர்களும் தேறியது கவனிக்க வேண்டிய விஷயம்.

மெனியருக்கு வழக்கமாகக் கொடுக்கப்படும் பீட்டாஹிஸ்டினுக்கும் இதே கதைதான். ஜெர்மனியில் 221 பேரிடம் நடந்து 2016-இல் வெளியான ஆய்வில், அதிக அளவு, குறைந்த அளவு, வெற்று மாத்திரை என மூன்று குழுவிலும் சுற்றல் ஏறக்குறைய ஒரே அளவில் குறைந்தது.

காரணம், இந்த நோய் அலைபோல வருவது. சில வாரம் படுத்தி எடுக்கும், பிறகு மாதக்கணக்கில் அடங்கிக் கிடக்கும். உச்சத்தில் தவிக்கும்போதுதான் நாம் புது மருந்தைத் தேடுகிறோம். அலை தானாக இறங்கியதற்கான பெயர் அந்த மருந்துக்குப் போய்விடுகிறது.

‘சத்து மாத்திரைதானே, கெடுதல் என்ன?’ ஒவ்வொன்றுக்கும் பதில் வேறு. லைசின் ஓர் அமினோ அமிலம் (புரதத்தின் சிறு துண்டு). வைரஸ் பெருகத் தேவையான அர்ஜினினோடு இது போட்டியிடும் என்பது கணக்கு. மெனியரில் அதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. ஜிங்கோ என்ற மூலிகை மாத்திரை இரத்தக் கசிவை அதிகப்படுத்தலாம். இதயத்துக்காக ஆஸ்பிரினோ வார்ஃபரினோ சாப்பிடுகிறவர்கள் அதைத் தொடவே வேண்டாம். வின்போசெட்டின் என்ற மாத்திரை கருச்சிதைவு உண்டாக்கலாம், கருவைப் பாதிக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2019-இல் எச்சரித்தது. தண்ணீரில் நுரைத்துக் கரையும் வைட்டமின் சி மாத்திரையிலும் கவனம் தேவை. நுரைக்காகச் சேர்க்கும் சோடா உப்பால், சிலவற்றில் ஒரு மாத்திரையிலேயே சில நூறு மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. உப்பைக் குறைக்க ஊறுகாயையும் அப்பளத்தையும் ஒதுக்கிவிட்டு இதைக் குடித்தால், விட்ட உப்பு வேறு வழியாக வந்து சேரும்.

வைரஸ் மருந்தை நீங்களாகவே வாங்கிப் போடலாமா? கூடாது. அசைக்ளோவிர் சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது. உடலில் நீர் குறைந்திருந்தால் அது சிறுநீரகத்தில் படிகமாகித் தேங்கலாம். மெனியர் சுற்றலில் வாந்தியெடுத்து நீரிழந்து கிடப்பவர், நீர் பிரிய மாத்திரையும் சாப்பிடுபவராக இருந்தால், ஆபத்து எவ்வளவு அருகில் என்று பாருங்கள். சிறுநீரகம் பலவீனமான முதியவர்களுக்கு இதனால் மனக்குழப்பமும் வரலாம். மருத்துவரே கொடுத்துப் பார்ப்பதானால், முதலில் கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் இரத்தச் சோதனை) பார்த்து அளவை முடிவு செய்யட்டும்.

வைரஸ் மருந்து அவசரமாகத் தேவைப்படும் நிலை ஒன்று உண்டு. காது வலி, காதில் கொப்புளம், ஒரு பக்க முகம் கோணுதல் ஆகியவற்றோடு சுற்றல் வந்தால், அது மெனியர் அல்ல, காதில் வந்த அக்கியாக இருக்கலாம். மூன்று நாளுக்குள் மருந்து தொடங்குவது நல்லது. ஒரு காது திடீரென்று கேட்காமல் போனாலும் அன்றே காது மருத்துவரிடம் போங்கள். பேச்சு குழறினால், கை கால் விழுந்தால், பார்வை இரண்டாகத் தெரிந்தால், அது பக்கவாதமாக இருக்கலாம்; உடனே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மருத்துவர் சம்மதத்தோடு ஏதாவதொன்றை முயல விரும்பினால், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். தொடங்குமுன் ஒரு மாதமாவது சுற்றல் வந்த நாள், நீடித்த நேரம், காது இரைச்சல், தூக்கம் எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள். தொடங்கிய பிறகும் சில மாதம் எழுதுங்கள். முன்னும் பின்னும் கேள்திறன் சோதனை (ஆடியோகிராம்) எடுங்கள். சுற்றல் நின்றபோதும் காது கேட்பது குறைந்துகொண்டே போகலாம், அதை நோட்டு காட்டாது. அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அந்த நோட்டோடு, நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைப் பாட்டில்களையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள். பாட்டிலின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதை அவர் படிக்க வேண்டும்.