நாற்பது சாட்சிகள் போதா

உயர்தர வகுப்பிலே கணிதம் கற்பிக்கும் நாம், ஒரு மாணவனுக்கு இட்ட பூச்சியத்தைப் பற்றி இங்கு கூற விழைகின்றோம். அப்பூச்சியம் அவனைக் காட்டிலும் நமக்கே கூடுதலாகப் பாடம் புகட்டியது.

வினா இதுதான்: ஒரு முழுவெண்ணின் கனத்திலிருந்து அவ்வெண்ணைக் கழித்தால் வருவது எப்போதும் 6 இன் மடங்கு என நிறுவுக. மாணவன் 2 இலே தொடங்கினான். 8 இலிருந்து 2 போக 6. 27 இலிருந்து 3 போக 24. 64 இலிருந்து 4 போக 60. இவ்வாறு இருபது எண்களைப் பிழையின்றிச் சோதித்து, "எனவே நிறுவப்பட்டது" என முடித்திருந்தான். நாம் குறுக்கே கோடிட்டுப் பூச்சியம் வழங்கினோம்.

"ஐயா, இருபது முறை மெய்யானது இருபத்தோராம் முறை பொய்க்குமோ?" எனக் கண் கலங்க வினவினான். "இது நிறுவல் அன்று" என்று மட்டும் கூறி அனுப்பினோம், காரணம் கூறவில்லை. மாணவனிடம் நிறுவலை வேண்டும் ஆசிரியர் தாம் காரணம் கூறாது விடுவது பொருந்துமா? அன்றிரவு அந்நினைவு நம்மை வருத்தியது.

மறுநாள் கரும்பலகையில் வேறொரு கணக்கை எழுதினோம். ஓர் எண்ணை அதனாலேயே பெருக்குக, அவ்வெண்ணைக் கழிக்க, பின்னர் 41 ஐக் கூட்டுக. 1 இற்கு 41 வரும். 2 இற்கு 43. 3 இற்கு 47. 4 இற்கு 53. யாவும் முதன்மையெண்கள், அதாவது, 1 ஆலும் தம்மாலும் அன்றி வேறெந்த முழுவெண்ணாலும் மீதியின்றி வகுபடாதவை. சுவிற்சர்லாந்திலே பிறந்த கணித மேதை ஒயிலர் 1772 இல் எடுத்துக்காட்டிய கோவை இது. 1 முதல் 40 வரை எவ்வெண்ணை இட்டாலும் முதன்மையெண்ணே கிடைக்கும்.

"அப்படியாயின் 41 ஐ இட்டால்?" என்றோம். வகுப்பிலே சிறிது நேரம் அமைதி நிலவியது. பின்னர் அம்மாணவனே எழுந்தான். "ஐயா, 41 ஐக் கழித்து மீண்டும் 41 ஐயே கூட்டுகின்றோம். எஞ்சுவது 41 ஐ 41 ஆல் பெருக்கிய எண். அது முதன்மையெண் அன்று!" என்றான். நாற்பது சாட்சிகள் ஒரே குரலிற் கூறியதை நாற்பத்தோராவது சாட்சி பொய்யாக்கிவிட்டது.

இவ்விடத்திலே பேரறிஞரும் இடறியதுண்டு. 3, 5, 17, 257, 65,537 என்னும் வரிசையைக் காண்க. ஓர் எண்ணில் 1 குறைத்து, வர்க்கித்து, 1 கூட்டினால் அடுத்த எண் வரும். இவ்வரிசையில் வருவன யாவும் முதன்மையெண்களே எனப் பிரான்சு நாட்டுப் பேர்மா 1640 இல் கருதினார். அடுத்துவரும் 4,294,967,297 என்பது 641 ஆல் வகுபடும் என 1732 இல் ஒயிலர் காட்டினார்.

அவ்வாறாயின் எடுத்துக்காட்டுகள் பயனற்றவையா? அல்ல. அவை வழிகாட்டும், ஆனால் வழக்கை முடித்துவைக்கமாட்டா. மாணவனுடைய பழைய தாளையே மீண்டும் அவன் கையிற் கொடுத்தோம். "6, 24, 60 ஆகியவற்றைக் காரணிகளாகப் பிரித்துப் பார்" என்றோம். 1, 2, 3 இன் பெருக்கம் 6. 2, 3, 4 இன் பெருக்கம் 24. 3, 4, 5 இன் பெருக்கம் 60. அவன் முகம் மலர்ந்தது.

கனத்திலிருந்து எண்ணைக் கழித்தால், அவ்வெண்ணும் 'வர்க்கத்தில் ஒன்று குறைந்தது' என்பதும் காரணிகளாக வரும். பின்னையது முன்னெண்ணினதும் பின்னெண்ணினதும் பெருக்கமன்றோ? ஆகவே விடை எப்போதும் அடுத்தடுத்த மூன்று எண்களின் பெருக்கமாகும். அம்மூன்றில் ஒன்றேனும் இரட்டை எண். ஒன்று 3 இன் மடங்கு. எனவே பெருக்கம் 6 இன் மடங்கு. இருபது எண்களுக்கு மாத்திரமன்று, எண்ணிலடங்கா எண்களுக்கும் இச்சில வரிகள் போதும்.

புதிய விடைக்கு முழுப்புள்ளி வழங்கினோம். பழைய பூச்சியம் பூச்சியமாகவே நின்றது. அதனை மாற்றும்படி அவன் கேட்கவுமில்லை.

பெற்றோரே, பிள்ளை ஒரு கணக்கைச் செய்து காட்டும்போது, "விடை சரியா?" என்பதோடு நின்றுவிடாது, "எப்போதும் சரியென எவ்வாறு அறிந்தாய்?" என்றும் அன்போடு வினவுங்கள். அவ்வினாவை அவர்கள் நம்மிடம் திருப்பிக் கேட்பின், காரணம் கூற நாமும் கடமைப்பட்டுள்ளோம்.