கடலோரத்துக்கு ஏற்ற வாளித் தோட்டம்: உப்பைக் கழுவத் தவறாதீர்!

சிதம்பரத்தை அடுத்த கிள்ளை, பிச்சாவரம் பகுதியில் உப்பங்கழிகள் நிலத்துக்குள் புகுந்து கிடக்கின்றன. 2004 டிசம்பர் 26-ல் ஆழிப்பேரலையும் இக்கடலோரத்தைத் தாக்கியது. இத்தகைய உவர் மண்ணில் கொல்லையில் காய்கறி பயிரிட இயலாத சிறு விவசாயிகள், அடியிலிருந்து நீர் ஏறும் வாளிகளில் வீட்டுத் தேவைக்குக் கத்தரி, தக்காளி, மிளகாய் வளர்க்கலாம். நீர் வழிந்து வீணாகாது. தினமும் நீர் ஊற்றும் வேலையும் குறையும்.

அமைக்கும் முறை

20 லிட்டர் பிளாஸ்டிக் வாளிகள் இரண்டு தேவை. வெளி வாளியில் 4 அங்குல உயரத்துக்குச் செங்கல் துண்டுகளை வைத்து, அதன்மேல் உள் வாளியை அமர்த்த வேண்டும். உள் வாளியின் அடியில் துளைகளிட்டு, பாலியெஸ்டர் கலந்த பழைய துணிப் பட்டைகள் நான்கைப் பாதி மண்ணிலும் பாதி நீரிலும் இருக்குமாறு செருகவும். நீர் ஊற்ற ஒரு குழாயை மேலிருந்து அடிவரை இறக்கவும். வெளி வாளியில் மூன்றரை அங்குல உயரத்தில் ஒரு வழிந்தோடும் துளை அவசியம். இது இல்லாவிடில் வேர் காற்றின்றி அழுகும். கொசு புகாதபடி குழாய் வாய், துளை, வாளிகளின் இடைவெளி ஆகியவற்றை வலைத்துணியால் மூடவும். அடியில் மற்றொரு துளையிட்டுத் தக்கையால் அடைத்து வைக்கவும்.

உவரற்ற மணற்பாங்கான மண், மக்கிய தொழு உரம், நன்னீரில் பலமுறை அலசிய தென்னை நார்க்கழிவு ஆகியவற்றைச் சம அளவில் கலந்து நிரப்பலாம். கடற்கரை மணல் கூடாது. வாளிக்கு ஒரு நாற்று போதும். வேர் பிடிக்கும்வரை மேலிருந்தே நீர் விட வேண்டும்.

சேரும் உப்பு

இம்முறையில் ஒரு குறை உண்டு. ஏறும் நீரைச் செடி உறிஞ்சிவிடும்; நீரிலுள்ள உப்பின் பெரும்பகுதி மண்ணிலேயே தங்கும். வயலில் மழை அதைக் கீழே இறக்கும். வாளியிலோ நீர் மேல் நோக்கியே செல்வதால் உப்பு வெளியேற வழியில்லை. லிட்டருக்கு 2 கிராம் உப்புள்ள நீரை நாளுக்கு 1 லிட்டர் வீதம் செடி எடுத்தால், 30 நாளில் 60 கிராம் உப்பு அந்த ஒரு வாளிக்குள் வந்துவிடும்! மேல்மண்ணில் வெண்மை பூப்பதும், இலை விளிம்பு கருகுவதும் இதன் அறிகுறிகள். நீர் போதவில்லை என்றெண்ணி மேலும் உவர் நீர் ஊற்றினால் செடி மடியும்.

கழுவும் முறை

15 நாளுக்கு ஒருமுறை தக்கையை எடுத்துவிட்டு, 10 லிட்டர் நன்னீரை மேலிருந்து மெதுவாக ஊற்றி முழுவதும் வடியவிட வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் தக்கையின்றித் திறந்த வெளியில் வைத்தால் மழையே கழுவிவிடும். 100 சதுர அடிக் கூரையில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 90 லிட்டர் நீர் விழும். அதைத் தொட்டியில் பிடித்து மூடி வைத்துக்கொள்வது நலம்.

பீன்ஸ் உப்பைச் சற்றும் தாங்காது. மிளகாயும் குறைவாகவே தாங்கும். தக்காளி ஓரளவு தாங்கும். எனவே வாளி வாங்குமுன் கிணற்று நீரைக் கடலூர் மண் பரிசோதனை நிலையத்தில் சோதித்துக்கொண்டு, அதற்கேற்ற பயிரைத் தேர்ந்தெடுத்துப் பயன் பெறலாம்.