சிறார் காப்பு: சட்டமும் சமூகக் கடனும்

கண்டிமாநகர் 1815ஆம் ஆண்டுவரை மலைநாட்டு மன்னரின் அரசிருக்கையாக விளங்கியது. 1988இல் உலக மரபுரிமைத் தலங்களுள் ஒன்றாக ஏற்கப்பெற்றது. ஆண்டுதோறும் நிகழும் எசலப் பெரஹராவைக் காண நாட்டின் பல பாகங்களிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் மக்கள் வந்து குழுமுவர். நகரைச் சூழ்ந்த ஹந்தானை, கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை ஆகிய மலைப்பகுதிகளிலோ தேயிலைத் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கர் நிலத்திலே தேயிலை பயிரிட்ட நாள்தொட்டு, இம்மலைகளின் தேயிலை வளம் லயன்களில் வாழும் தமிழ்த் தொழிலாளரின் உழைப்பினாற் பெருகியதாகும்.

மலையிலிருந்து நகருக்கு இறங்கும் பாதையிலே தேயிலைப் பெட்டிகள் மட்டும் வந்தன அல்ல; சிறுவர் சிறுமியரும் வந்தனர். வீட்டு வேலைக்கென்றும் கடை வேலைக்கென்றும் தரகர் அழைத்துவந்த பிள்ளைகள் அவர்கள். தாயின் கண்ணுக்கும் ஆசிரியரின் கண்ணுக்கும் அப்பாற்பட்ட அந்நிலையே சிறார்க்குப் பெருங்கேடு விளைவிக்கும் நிலை என்பதை ஆராய்வார் உணர்வர்.

சிறுவர் பாலியற் சுரண்டல் என்பது யாது? 18 வயதுக்குட்பட்ட ஒருவரைப் பணம், பரிசு, அதிகாரம், உறவு, அச்சம் என்பவற்றுள் ஏதேனும் ஒன்றினால் வயப்படுத்தி, வளர்ந்தவர் தம் இச்சைக்கோ ஆதாயத்துக்கோ பயன்படுத்துவதே அதுவாகும். இஃது அயல்நாட்டுப் பிரயாணிகளால் கடற்கரையிலே விளையும் தீமை என்று கருதுவோர் பலர். அக்கருத்துக்கு ஓரளவு காரணமும் உண்டு. உல்லாசப் பயணத்துறை பெருகிய காலத்தில் மேல்கரையிலும் தென்கரையிலும் சிறுவர்கள் இவ்வாறு சீரழிக்கப்பட்டனர். அதனை எதிர்த்து மொரீன் செனவிரத்ன அம்மையார் 1991இல் ‘பீஸ்’ என்னும் இயக்கத்தைத் தோற்றுவித்தார். 1996ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஸ்டொக்ஹோம் நகரிலே 122 நாடுகளின் அரசுகள் கூடி இத்தீமையை ஒழிக்க உறுதிபூண்டன. ஆயினும் குழந்தைக்குத் தீங்கிழைப்போருட் பெரும்பாலோர் அக்குழந்தை முன்னரே அறிந்தவர் என்பதே எந்நாட்டிலும் காணப்படும் உண்மை. அயலானுக்கு அஞ்சிக் கதவடைக்கும் இல்லத்தினுள்ளேயே கள்வன் இருத்தல் கூடும்.

இனி, சட்டத்தின் வளர்ச்சியை நோக்குவோம். 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை சிறுமியரின் இசைவு வயதை 12 என்றே வைத்திருந்தது. நூறாண்டுக்கு மேலாக அது மாற்றமின்றி நிலவிற்று. 1991இல் இலங்கை ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைச் சமவாயத்தை ஏற்றது. அதன் 34ஆம் உறுப்புரை பாலியற் சுரண்டலிலிருந்து சிறாரைக் காக்கும் கடமையை அரசுகளுக்கு விதிக்கின்றது. 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அவ்வயதை 16 ஆக உயர்த்தியது. சிறுவர் பாலியற் சுரண்டலைத் தனிக் குற்றமாக வகுத்து, 5 முதல் 20 ஆண்டுவரை சிறைத்தண்டனையும் விதித்தது. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தினால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை நிறுவப்பட்டது. குழந்தைநல மருத்துவப் பேராசிரியர் ஹரேந்திர டி சில்வா அதன் முதற்றலைவராக அமர்ந்தார்.

இச்சட்டங்களை ஊன்றிக் கற்போர்க்கு ஓர் உண்மை புலனாகும். அவை தீங்கிழைத்தவனை மட்டும் நோக்குவன அல்ல. அறிந்தும் வாளாவிருப்போரையும் நோக்குகின்றன. குழந்தையின் ஆபாசப் படச்சுருள் கழுவுவதற்கு வரின், படம் கழுவுவோன் அருகிலுள்ள பொலிஸ் நிலையத்துக்கு அறிவித்தல் வேண்டும் என்றது 1995ஆம் ஆண்டுச் சட்டம். கணினிச் சேவை நடத்துவோர், தம் சேவை சிறாரைக் கெடுக்கப் பயன்படாதவாறு காத்தல் வேண்டும் என்றது 2006ஆம் ஆண்டுத் திருத்தம். தம் பொறுப்பிலுள்ள இடத்திலே சிறாருக்குக் கொடுமை நிகழ்வதை அறிந்தவர் அதனை உடனே அறிவித்தல் வேண்டும் என்றும் அதுவே விதித்தது. இடையில் 1999ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டம், குழந்தையின் வாக்குமூலத்தை ஒளிப்பதிவு செய்து நீதிமன்றிற் சான்றாக அளிக்க வழி திறந்தது. ஆக, மௌனத்தைக் கலைப்பதே இச்சட்டங்கள் யாவற்றையும் இணைக்கும் இழை எனலாம்.

நிற்க, சட்டம் ஏட்டில் இருக்கின்றது. குழந்தை எங்கே இருக்கின்றது? தோட்டத்திலே தாய் கொழுந்து பறிக்கச் செல்லும்போது கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பரா காக்கின்றது. 5 வயதின் பின் பாடசாலை காக்கின்றது. பாடசாலையை விட்டு விலகிய பிள்ளையைக் காப்பவர் எவர்? கட்டாயக் கல்வி வயது 2016இல் 16 ஆக உயர்த்தப்பட்டது. ஆயினும் வேலைக்கு அமர்த்தும் வயது 14 ஆகவே இருந்தமையால், இரண்டுக்கும் இடையிலே இரண்டாண்டு இடைவெளி திறந்து கிடந்தது. 2021ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டமே வேலை வயதையும் 16 ஆக்கி அவ்வாயிலை அடைத்தது. அதே ஆண்டு யூலைத் திங்களில், கொழும்பில் வீட்டு வேலைக்கு அமர்த்தப்பட்டிருந்த மலையகச் சிறுமி ஒருத்தி தீக்காயங்களுடன் மருத்துவமனையில் உயிர் நீத்தாள். அவள் 16 வயது நிரம்புமுன்னரே வேலைக்கு அனுப்பப்பட்டவள். பாலியற் கொடுமைக்கு அவள் உள்ளாகியிருந்தமைக்கான அடையாளங்கள் மருத்துவப் பரிசோதனையில் வெளிப்பட்டன. மலையகமெங்கும் மக்கள் வீதியில் இறங்கி நீதி கேட்டனர். சட்டம் திருத்தப்பட்டு ஆறேழு திங்களே ஆகியிருந்தன. எனினும் பிறர் இல்லத்து அடுக்களைக்குள் அது தானாக நுழைந்து காவல் புரியவில்லை.

இவ்விடத்தே கற்றோர் தம்மைத் தாமே வினவுதல் தகும். தோட்டப் பிள்ளையை வேலைக்கு வைத்துக்கொண்ட இல்லங்கள் யாருடையவை? பெரும்பாலும் கல்வியும் பதவியும் வாய்ந்தோருடையவையே. “நல்ல இடம், மூன்று வேளையும் சோறு கிடைக்கும்” என்று பெற்றோரைத் தேற்றிய சொற்களும் படித்தவர் சொற்களே. தம் பிள்ளையை வாணி விழாவில் ஏடு தொடங்குவித்துவிட்டு, பிறர் பிள்ளையைப் பாத்திரம் துலக்க வைப்பது எவ்வகை அறம்?

மற்றொரு தடை மானம் என்பது. குற்றம் வெளிப்படின் குடும்பத்துக்கு இழுக்கு வரும் என அஞ்சி மறைப்போர் உளர். ஊர்ப் பெரியோரைக் கொண்டு சமரசம் செய்து வைப்போரும் உளர். இழுக்குத் தீங்கிழைத்தவனைச் சாருமேயன்றித் தீங்குற்ற குழந்தையைச் சாராது. சமரசம் என்னும் பெயரால் மூடப்படும் ஒவ்வொரு செய்தியும் குற்றவாளிக்கு அடுத்த குழந்தையைக் கையளிப்பதாகும்.

ஆசிரியர் இவ்விடயத்திற் செய்யக்கூடியன பல. கலகலப்பாக இருந்த பிள்ளை ஒடுங்கிப்போதல், காரணமின்றிப் பாடத்திற் பின்தங்குதல், குறித்த ஒருவரைக் கண்டு அஞ்சுதல், வீடு செல்லத் தயங்குதல் ஆகியவற்றை முதலிற் காணும் வாய்ப்பு அவருக்கே உண்டு. பிள்ளை வாய்திறப்பின் பொறுமையோடு கேட்டல் வேண்டும். பொய் என்று கடிதலும், துருவித் துருவி விசாரித்தலும், எவரிடமும் சொல்வதில்லை என்று வாக்களித்தலும் ஆகா. விசாரித்தல் அதற்குரிய அதிகாரிகளின் பணி. அறிவித்தலே ஆசிரியர் பணி. பொலிஸ் நிலையத்துச் சிறுவர், பெண்கள் பிரிவும், பிரதேச செயலகத்துச் சிறுவர் உரிமை உத்தியோகத்தரும், நன்னடத்தை அதிகாரிகளும் அதற்கென உளர். 1929 என்னும் தொலைபேசி இலக்கம் கட்டணமின்றி இரவுபகலாக இயங்குகின்றது. இந்நான்கு எண்களை வகுப்புச் சுவரில் எழுதிவைத்தல் எளிது. அவ்விலக்கத்தை அழைத்தாற் தண்டனை வாராது என்ற துணிவைப் பிள்ளையின் உள்ளத்தில் எழுதுவதே அரிது. அதுவே கல்வி.

மாணவர் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. துன்புறும் பிள்ளை முதலிற் சொல்வது பெரும்பாலும் தோழரிடமே. அதனைக் கேலியாக்காது, நம்பத்தக்க ஒரு பெரியவரிடம் கொண்டு செல்லும் மாணவன் ஓர் உயிரைக் காத்தவனாவான்.

ஒவ்வொரு நாட்காலையிலும் வகுப்பிலே வரவுப் பதிவேடு திறக்கப்படுகின்றது. ஒரு பெயருக்கு மறுமொழி வாராதபோது சிவப்பு மையால் ஒரு கோடிட்டு அடுத்த பெயருக்குச் செல்வது வழக்கம். மூன்றாம் நாளும் அக்கோடு விழுமாயின், பதிவேட்டை மூடிவிட்டு அப்பிள்ளையின் லயத்துக்கு ஒருவர் நடந்து செல்லல் வேண்டும். சட்டங்களும் சபைகளும் திணைக்களங்களும் செய்யக்கூடியவை யாவும் அந்நடையின் பின்னரே தொடங்கும்.