கடலடிச் சேறு சொல்லும் கதை

வீட்டில் தீப்பற்றக் கூடாது என்று செய்த ஏற்பாடு கடலின் அடிவரை சென்று படியும் என எவர்தாம் எண்ணியிருப்பர்? அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவில் நேர்ந்தது அதுவே.

இருக்கைகளில் வைக்கும் நுரைப்பஞ்சு 12 விநாடிகள் தீச்சுடரைத் தாங்க வேண்டும் எனக் கலிபோர்னியா மாநிலம் 1975-இல் விதித்தது. அதற்காகப் பி.பி.டி.ஈ. எனப்படும் புரோமின் கலந்த தீத்தடுப்பு இரசாயனங்களை உற்பத்தியாளர்கள் நுரைப்பஞ்சில் சேர்த்தனர். உயிர் காக்கும் நோக்கம் நல்லதே. ஆனால் இவை பஞ்சுடன் பிணையாமல் வெறுமனே கலந்திருந்தன. ஆகவே மெல்லக் கசிந்து வீட்டுத் தூசியில் சேர்ந்தன. துணி துவைத்த நீரோடும் தரை துடைத்த நீரோடும் கடலை அடைந்தன. நீரில் எளிதில் கரையாத காரணத்தால் சேற்றுத் துகள்களைப் பற்றிக்கொண்டன.

சேறும் ஓர் ஏடு

கடலோரத்தில் வண்டல் அடுக்கடுக்காகப் படிகிறது. குழாயை இறக்கி அதனை அப்படியே எடுத்தால், அடியில் பழங்காலமும் மேலே அண்மைக் காலமும் காட்சி தரும். காரீயம்-210 என்னும் கதிரியக்கப் பொருள் ஏறத்தாழ 22 ஆண்டுகளில் பாதியாகத் தேயும். அத்தேய்வைக் கொண்டு அடுக்குகளின் வயதை அறிஞர்கள் கணக்கிடுகின்றனர். உலகின் பல கடலோரங்களில், 1970-க்கு முந்திய அடுக்குகளில் அரிதாயிருந்த இந்த இரசாயனங்கள் பிந்திய அடுக்குகளில் பெருகிக் காணப்பட்டன.

சேற்றில் சேர்ந்தது சேற்றோடு நிற்பதில்லை. புழுவை மீன் உண்ண, மீனைப் பறவை உண்ண, கொழுப்பில் தங்கி மேலேறுகிறது. சுவீடனில் 1972 முதல் 1997 வரை சேகரித்த தாய்ப்பாலை ஆராய்ந்தபோது, இதன் அளவு ஐந்தாண்டுக்கு ஒருமுறை இரட்டித்து வந்தது புலனாயிற்று. மழலையின் முதல் உணவிலும் மனிதன் செய்த மாசு!

தடை தந்த பலன்

2003-இல் கலிபோர்னியா இயற்றிய தடைச்சட்டம் 2006-இல் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் விரிகுடாவின் சிப்பிகளிலும் மீன்களிலும் பறவை முட்டைகளிலும் நஞ்சின் அளவு குறைந்தது. நுரைப்பஞ்சில் பயன்பட்ட வகை சேற்றிலும் குறைந்தது. ஆனால் மின்கருவிகளின் பிளாஸ்டிக்கில் சேர்க்கப்பட்ட டெக்கா வகை சேற்றை விட்டு எளிதில் அகலவில்லை. ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை முந்திய வகைகளை 2009-இலும், டெக்காவை 2017-இலும் தனது பட்டியலில் சேர்த்தது.

தரையிலும் கடலிலும் தோன்றும் சீர்கேட்டை மனிதக் கரங்களின் செயலோடு இணைத்து எச்சரிக்கிறது திருக்குர்ஆன் (30:41). அவ்வசனம் மனிதர் திருந்தி மீளும் வாய்ப்பையும் நினைவூட்டுகிறது. பழைய மின்கருவிகளையும் மெத்தைகளையும் தெருவில் எரிக்காதிருப்போம். வீட்டுத் தூசியை ஈரத்துணியால் துடைப்போம். உண்ணுமுன் கை கழுவும் நல்வழக்கத்தைக் குழந்தைகளுக்குப் பழக்குவோம். இன்று நாம் செய்வதும் நாளை ஓர் அடுக்காய்ப் படியும்.