மார்பக அறுவை சிகிச்சைக்குப் பிறகு கை முடங்க வேண்டாம்

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பினால், பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஒன்றையே சொல்வார்கள்: "கையை அசைக்காதே, தையல் பிரிஞ்சிடும்." அக்கறைதான். ஆனால் வாரக்கணக்கில் கையை உடம்போடு ஒட்டியே வைத்திருந்தால் தோள் இறுகிவிடும். பலருக்கு அடுத்து கதிர்வீச்சு சிகிச்சை இருக்கும். அதற்கு அந்தக் கையைத் தலைக்கு மேல் தூக்கி, அசையாமல் படுக்க வேண்டும். கை ஏறவில்லை என்றால் சிகிச்சையே தள்ளிப்போகலாம்.

மருத்துவர் தடை சொல்லாவிட்டால், மறுநாளிலிருந்தே விரல்களை மடக்கி நீட்டுங்கள், மணிக்கட்டைச் சுழற்றுங்கள், முழங்கையை மடக்குங்கள். டிரெயின் குழாய் இருக்கும்வரை தோள் உயரம் போதும். குழாய் எடுத்த பிறகு, சுவரைப் பார்த்து நின்று விரல்களால் மெல்ல மெல்ல மேலே ஏறுங்கள். எட்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள், அடுத்த வாரம் வித்தியாசம் தெரியும். இழுக்கிற மாதிரி இருந்தால் பரவாயில்லை. சுரீர் என்று வலித்தால் நிறுத்திவிடுங்கள். குடம் தூக்குவது, துணி பிழிவது எல்லாம் இப்போதைக்கு வீட்டில் மற்றவர்கள் வேலை. மார்பக மறுசீரமைப்பு செய்தவர்கள் தங்கள் மருத்துவர் சொன்னபடி மட்டும் செய்யுங்கள்.

குழாயில் வரும் நீர் முதலில் சிவப்பாகவும், போகப்போக வெளிறிய மஞ்சளாகவும் இருக்கும். தினமும் ஒரே நேரத்தில் அளந்து, தேதியோடு போனில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு குழாய் இருந்தால் தனித்தனியாக. பொதுவாக 24 மணி நேரத்தில் 30 மில்லிக்குக் கீழே வந்ததும் எடுப்பார்கள். "கொஞ்சமாத்தான் வருது டாக்டர்" என்பதைவிட அந்த எண்தான் உதவும். குழாய் எடுத்தபின் அக்குளில் நீர் கட்டினால் நோய் திரும்பிவிட்டது என்று பயப்படாதீர்கள், ஓ.பி.யில் ஊசியால் எடுத்துவிடலாம்.

முட்டை, மீன் சாப்பிட்டால் சீழ் வைக்கும் என்பார்கள். புண் ஆறப் புரதம் வேண்டும், தாராளமாகச் சாப்பிடுங்கள்.

100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், பரவும் சிவப்பு, சீழ் இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். குழாயில் திடீரென்று ரத்தம் நிறைந்தாலோ மூச்சுத் திணறினாலோ 108. சந்தேகம் கேட்க 104.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சை பெற்றவர்கள், அடுத்த சிகிச்சைக்கான அனுமதி பற்றி டிஸ்சார்ஜ் ஆகும்போதே கேட்டுவிடுங்கள். கட்டணமில்லா எண் 1800 425 3993. டிஸ்சார்ஜ் சம்மரி, பயாப்சி அறிக்கை, காப்பீட்டு அட்டை மூன்றையும் போனில் படமெடுத்து வையுங்கள், அசலைப் பத்திரப்படுத்துங்கள். உடற்பயிற்சிக்கு அலைய முடியாதவர்கள், 2021 முதல் நடக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே இயன்முறை சிகிச்சையாளர் வருவாரா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

அக்குள் நெறிக்கட்டிகளை எடுத்திருந்தால் அந்தக் கையில் வீக்கம் வர வாய்ப்புண்டு. ரத்த அழுத்தம் பார்க்கவோ ஊசி போடவோ வந்தால், "இந்தக் கை வேண்டாம் சிஸ்டர்" என்று மறுகையை நீட்டுங்கள்.