மருந்து ‘ஒத்துக்கலை’ என்றால் என்ன அர்த்தம்?

மட்டாஞ்சேரியில் டாக்டரிடம் போனால், சீட்டு எழுதுமுன் “ஏதெங்கிலும் மருந்தினு அலர்ஜி உண்டோ?” என்று கேட்பார். நம் வீட்டுப் பெரியவர்களின் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: “போன தடவை ஊரில் கொடுத்த மாத்திரை எனக்கு ஒத்துக்கலை.” எந்த மாத்திரை, என்ன செய்தது என்று கேட்டால் தெரியாது. பாதி வைத்தியம் ஊரிலும் பாதி கொச்சியிலுமாகப் பார்க்கிற நமக்கு இது சின்ன விஷயம் அல்ல. ‘ஒத்துக்கலை’ என்ற அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு வேறு சங்கதிகள் இருக்கின்றன.

ஒன்று, பக்க விளைவு. மருந்தின் குணத்தாலேயே கூடவே வருவது. டாக்டருக்கு முன்பே தெரிந்தது. சளிக்குத் தரும் குளோர்ஃபெனிரமின் தூக்கத்தைத் தரும். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் ஆரம்பத்தில் வயிற்றைக் கலக்கும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் சிறுநீரைச் செம்மஞ்சளாக்கும். சில சமயம் இது நன்மையாகவும் முடிவதுண்டு. ரத்தக் கொதிப்புக்குக் கொடுத்த மினாக்சிடில் முடியை வளர்த்தது. இன்று அதை வழுக்கைக்குப் பூசுகிறார்கள்!

மற்றது, தீங்கான எதிர்விளைவு. வழக்கமான அளவில் சாப்பிட்டும் உடம்புக்குக் கெடுதல் நேர்வது. பக்க விளைவும் கெடுதல் செய்தால் இந்தக் கணக்கில்தான் சேரும். ஆனால் நாம் அஞ்ச வேண்டியவை வேறு. பென்சிலின் ஊசி போட்ட சில நிமிடங்களில் மூச்சுத் திணறி மயங்குவது, சல்ஃபா மாத்திரையால் வாயும் தோலும் கொப்புளித்து உரிவது போன்றவை. இவை எல்லோருக்கும் வருவதில்லை. வந்தவர் அந்த மருந்தை மறுபடி தொடவே கூடாது.

இரண்டையும் குழப்பினால் இரண்டு பக்கமும் நஷ்டம். வயிறு கலக்குகிறதென்று மெட்ஃபார்மினைத் தானாக நிறுத்தினால் சர்க்கரை ஏறும். தடிப்பு தானே என்று மாத்திரையைத் தொடர்ந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

பழகிய மருந்தும் விதிவிலக்கல்ல. மாதவிடாய் வலிக்கு வீட்டுக்கு வீடு வாங்கும் மெஃபெனமிக் ஆசிட் பற்றி 2023 நவம்பர் 30-ல் இந்திய மருந்தியல் ஆணையம் எச்சரிக்கை விடுத்தது. காய்ச்சல், தடிப்பு, நெறிக்கட்டு இவற்றோடு கல்லீரல் முதலிய உள்ளுறுப்புகளையும் தாக்கும் ‘டிரெஸ்’ என்ற எதிர்விளைவு அதனால் வரலாம் என்றது. இது பெரும்பாலும் மருந்து தொடங்கி 2 முதல் 8 வாரம் கழித்தே தலைகாட்டும். ஆகவே மாத்திரையின் மேல் சந்தேகமே எழாது. நாடெங்கும் இருந்து வந்து சேர்ந்த புகார்களைப் பார்த்தே ஆணையம் இதைக் கண்டது. டாக்டர்கள் மட்டுமல்ல, நோயாளிகளும் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு எழுதிப் பர்ஸில் வையுங்கள்: ஒத்துக்கொள்ளாத மருந்தின் பெயர், எத்தனை நாளில், என்ன ஆயிற்று. கம்பெனிப் பெயரோடு அட்டையில் அச்சிட்டிருக்கும் மூல மருந்தின் பெயரையும் எழுதுங்கள். ஊர்க் கடையில் ஒரு பெயரிலும் இங்கே வேறு பெயரிலும் கிடைப்பது ஒரே மருந்தாக இருக்கலாம். அந்தச் சீட்டு இருந்தால், மலையாளம் வராத பாட்டிக்கும் டாக்டரிடம் பதில் இருக்கும்.